ஒன்பது வருடம் ஒரு ஜப்பானிய மேப்பிளோடு

சியாட்டிலின் ஜப்பானியத் தோட்டம் 1960இல் திறந்தது. 2015 அக்டோபர் கடைசியில் முதல் தடவை அங்கே போனபோது குளத்தங்கரை மேப்பிள் மரங்கள் இலை முழுக்கச் சிவந்திருந்தன. அதைப் பார்த்துவிட்டு வந்தவன், மறுவருடம் மார்ச்சில் நர்சரி வாசலில் நின்றேன். ‘பிளட்குட்’ என்ற, கோடையிலும் இலை சிவப்பாக இருக்கும் ரகம், ஐந்து கேலன் தொட்டி, என் மார்பளவு உயரம், 90 டாலர். சியாட்டில் பக்கத்து ஊரான பெல்வியூவில் எங்கள் வீட்டின் மேற்குப் பக்கம், சமையலறை ஜன்னலிலிருந்து நேராகத் தெரிகிற மாதிரி வைத்தேன். அந்த ஜன்னல் ஆசைதான் பின்னால் எல்லா வினைக்கும் காரணம்.

முதல் தப்பு குழியிலேயே நடந்தது. ஊரில் தென்னம்பிள்ளைக்கு மூன்றடி ஆழக் குழி எடுத்துப் பார்த்து வளர்ந்தவன் நான். அதே பழக்கத்தில் ஆழமாக வெட்டி, தண்டு ஒரு சாண் புதையும்படி மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டேன். இந்த மரத்துக்கு ஆணிவேர் கிடையாது என்றே சொல்லலாம்; எல்லாம் மேல்மண்ணில் பரவும் சல்லிவேர். தூர் விரிகிற இடம் மண்ணுக்கு மேலே கண்ணில் பட வேண்டும். இரண்டு கோடை இலை சிறுத்து, சோகை பிடித்தது போல் நின்ற பிறகுதான் விஷயம் புரிந்து, இலையுதிர்ந்ததும் கிளப்பி மேலே வைத்தேன்.

முதல் குளிர்காலத்தில் வீடியோ காலில் மொட்டைக் குச்சியைப் பார்த்த அம்மா, “பட்டுப் போச்சுப்பா, பிடுங்கிப் போட்டுட்டு ஒரு கறிவேப்பிலை வை” என்றார். ஏப்ரலில் தளிர் வந்ததும் படம் அனுப்பினேன். பதில் இல்லை.

இன்னொன்று, கடையில் கிடைக்கும் பெயருள்ள ரகங்கள் பெரும்பாலும் ஒட்டுச்செடிகள். அடியிலிருந்து பளிச்சென்று பச்சை இலையோடு ஒரு குச்சி வேகமாக வளர, செடி தேறிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். ஒட்டு மாங்கன்றில் ஒட்டுக்குக் கீழே வரும் தளிரைக் கிள்ளச் சொல்வார்களே, அதே கதைதான். விட்டிருந்தால் பச்சை மரம்தான் மிஞ்சியிருக்கும்.

2021 ஜூன் 26, 27, 28. இந்த ஊர்க்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். மூன்று நாளும் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி, 28ஆம் தேதி சியாட்டில் விமான நிலையத்தில் 108 பதிவானது; நம் கணக்கில் 42 செல்சியஸ். சென்னைக்காரன் சிரிக்கலாம். ஆனால் இங்கே பல வீடுகளில் ஏசியே கிடையாது, எங்கள் வீட்டிலும் அப்போது இல்லை. மேற்குப் பக்கத்து மரத்துக்கு மதிய வெயில் மொத்தமும் விழுந்தது. பேட்டியோ சிமெண்ட் தளத்தின் அனல் வேறு. இலையெல்லாம் பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டு பழுப்பாகிவிட்டது. வெட்டிவிடலாமா என்று கத்திரியை எடுத்துக்கொண்டு போனேன். கிளையை நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சை. கத்திரியை வைத்துவிட்டு, வாரம் இரண்டு தடவை நின்று நிதானமாகத் தண்ணீர் விட்டேன். ஆகஸ்டில் சின்னச் சின்னதாகப் புதுத் தளிர் வந்தது.

2022 பிப்ரவரியில், மொட்டு விடும் முன், மரத்தைக் கிழக்குப் பக்கம் மாற்றினேன். மூன்றடி அகலத்துக்கு மண்ணோடு பெயர்த்து, சாக்கில் கட்டி, நண்பர்கள் இருவரோடு தார்ப்பாயில் வைத்து இழுத்தோம். எனக்கு முதுகுவலி பத்து நாள். மரம் ஒரு வருடம் அசையவில்லை. 2023இல்தான் ஒழுங்காகக் கிளை விட்டது. இப்போது பதினோரு அடி. காலை வெயில் மட்டும் படுகிறது, அதற்குப் பிறகு ஒரு கோடையிலும் இலை கருகவில்லை. ஆனால் ஒரு இழப்பும் உண்டு: வெயில் குறைந்ததால் ஜூலை வாக்கில் சிவப்பு மங்கி, பச்சை கலந்த பழுப்பாகிவிடுகிறது. கருகுவதற்கு இது தேவலை.

நிறத்தைப் பற்றி நேர்மையாகச் சொன்னால், படங்களில் பார்க்கும் அந்த நெருப்புச் சிவப்பு எங்களுக்கு அக்டோபர் கடைசியிலிருந்து பத்துப் பதினைந்து நாள்தான். நவம்பர் இங்கே காற்றும் மழையும் உச்சத்தில் இருக்கும் மாதம். போன வருடம் ஒரே ராத்திரிப் புயலில் எல்லாம் தரைக்கு வந்துவிட்டது. எனக்கு அதைவிடப் பிடித்தது ஏப்ரல்: குழந்தை விரல் போலச் சுருண்டிருக்கும் தளிர், பின்னால் சூரியன் வரும்போது தெரியும் செம்மை.

2018இல் ‘சாங்கோகாக்கு’ என்று இன்னொன்று வாங்கினேன். குளிர்காலத்தில் கிளைகள் பவழ நிறத்தில் நிற்கும். அதைத்தான் நானே கொன்றேன். மழை பெய்யும் மார்ச் மாதத்தில் கவாத்து செய்ய, நுனிகள் கறுத்து, கறுப்பு கீழே கீழே இறங்கியது. இந்தப் பக்கத்து ஈர வசந்தத்தில் வழக்கமாக வரும் பாக்டீரியா நோய். ஈரத்தில் வெட்டினால் வெட்டுவாய் வழியாக நுழைகிறது. இப்போது ஜூலை, ஆகஸ்ட் வறண்ட நாட்களில்தான் கத்திரியைத் தொடுகிறேன்.

மற்றபடி வேலை குறைவு. மூன்று அங்குல மரச்சீவல் மூடாக்கு, தண்டைத் தொடாமல். கோடையில் சொட்டுநீர்க் குழாய், ஏனென்றால் மழை ஊர் என்று பெயர்தானே தவிர ஜூலை ஆகஸ்டில் வானம் கைவிரித்துவிடும். உரம் போட்டதே இல்லை.

ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு: சென்னையில் வேண்டாம். குளிரில் உறங்கினால்தான் இந்த மரத்துக்கு அடுத்த வருடம் உண்டு. அப்புறம், ஆன்லைனில் விற்கும் நீல மேப்பிள் விதை. என் பெரியப்பா மகன் வாங்கிவிட்டுக் கேட்டான். நீல நிற ஜப்பானிய மேப்பிள் என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. அவன் தொட்டியில் முளைத்தது ஏதோ கீரை.

சாங்கோகாக்கு இருந்த இடம் இன்னும் காலி. ‘ஓசகாசுகி’ வைக்கலாம் என்கிறாள் மனைவி. கோடை முழுக்கப் பச்சை, இலையுதிர் காலத்தில் மட்டும் சிவப்பு. இந்தத் தடவை கடைக்குப் போகும் முன் ஜூலையில் ஒரு வாரம் அந்த இடத்தில் போய் நின்று பார்த்தேன். இரண்டரை மணிக்கெல்லாம் பக்கத்து வீட்டு டக்ளஸ் ஃபிர் மரத்தின் நிழல் விழுந்துவிடுகிறது.