‘சோய்சியா’ என்று சொல்லி இறக்கிய புல்: திருகோணமலையில் முற்றத்துக்குப் புல் போடுபவர்கள் கவனிக்க

உப்புவெளியில் கடலோரமாக உள்ள ஒரு வீட்டு முற்றத்துக்குப் புல் போட்ட கணக்கு இது. அளவு 1,000 சதுர அடி. பில்லில் இருந்தது: சோய்சியாப் புல் 1,000 துண்டு, மேல்மண் 3 கியூப், பதிக்கும் கூலி. பணம் முழுவதும் கொடுத்தாயிற்று. வைகாசியில் பதித்த புல் ஆடி முடியுமுன் திட்டுத் திட்டாகக் காய்ந்து, அதற்குள்ளால் கோரை எழும்பி நிற்கிறது. விற்றவர் போன் எடுப்பதில்லை. எப்படி ஏமாற்றப்பட்டது என்பதை ஒவ்வொன்றாக எழுதுகிறோம். இதே வழியில் இன்னும் எத்தனை முற்றங்கள் போகும் என்று நினைக்கவே மனம் பொறுக்கவில்லை.

முதலில் அளவு. ‘துண்டு’ என்றால் ஒரு சதுர அடி என்றுதான் வாங்குபவர் நினைப்பார். வந்த துண்டுகளை நாடா வைத்து அளந்தால் 10 அங்குலத்துக்கு 10 அங்குலம். ஒரு சதுர அடி 144 சதுர அங்குலம், இதுவோ 100. ஆக, 1,000 துண்டு என்றது 694 சதுர அடிதான். மிச்சம் 306 சதுர அடியை, துண்டுகளுக்கு இடையில் இரண்டு அங்குல இடைவெளி விட்டுச் சமாளித்துவிட்டு, ‘தானாக மூடிக்கொள்ளும்’ என்றார்கள். அந்த இடைவெளியில் முதலில் மூடியது களைதான்.

மண்ணிலும் அப்படியே. ஒரு கியூப் என்பது 100 கன அடி. 3 கியூப் மண்ணை 1,000 சதுர அடியில் பரப்பினால் மூன்றரை அங்குலத்துக்கு மேல் நிற்க வேண்டும். பத்து இடத்தில் தோண்டிப் பார்த்தும் ஓர் அங்குலத்தைத் தாண்டவில்லை. அதாவது ஒரு கியூப் கூட இறங்கவில்லை. லொறி வந்ததும் பெட்டியின் நீளம், அகலம், மண் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி 100 ஆல் வகுங்கள். இரண்டு நிமிட வேலை. மண்ணைக் கொட்டிய பிறகு யாராலும் நிரூபிக்க முடியாது.

இவை பண நட்டம். புல்லைக் கொன்றது வேறு: வந்தது சோய்சியாவே இல்லை. சாடியில் வைத்துக் காட்டிய மாதிரிப் புல் மெல்லிய இலைச் சோய்சியா. லொறியில் வந்தது அகல இலைக் கம்பளப் புல், தாவரப் பெயர் அக்சோனோபஸ். மாலை இருட்டும் நேரத்தில் இறக்கி, விடியுமுன் பதித்து முடித்துவிட்டார்கள். மலேசியன் புல், ஒஸ்ரேலியன் புல் என்று சந்தையில் சொல்வதெல்லாம் விற்பனைப் பெயர்கள். பெயரை விட்டுவிட்டு இலையைப் பாருங்கள். சோய்சியாவின் இலை இரண்டு மில்லிமீற்றர் அளவில், விறைப்பாக, நுனி கூராக இருக்கும். உள்ளங்கையால் அமுக்கினால் குத்தும். பூங்கதிர் தனியாக ஒன்று. கம்பளப் புல்லின் இலை மென்மையாக, அதைவிடப் பல மடங்கு அகலமாக, நுனி மழுங்கி இருக்கும். ஓடுதண்டு தட்டையாக இருக்கும். கதிர் இரண்டு மூன்றாகப் பிரிந்து, மேலே உள்ள இரண்டும் கவண்கிளை போல விரியும். அறுகம்புல்லை நம்மவர்க்குச் சொல்லத் தேவையில்லை: ஒரே புள்ளியிலிருந்து கைவிரல் போல மூன்று முதல் ஏழு கதிர்.

கம்பளப் புல் கெட்ட புல் அல்ல. ஈரமும் புளிப்புத் தன்மையும் உள்ள மண்ணில், அரை நிழலில், அருமையாக வரும். உப்புவெளி, நிலாவெளிக் கரையோர மணலில் அது எப்படி நிற்கும்? சிப்பி ஓடு கலந்த மணல் காரத் தன்மை உடையது, அதில் இரும்புச் சத்துக் கிடைக்காமல் இலை மஞ்சளாகும். கோடையில் கிணற்றில் உவர் ஏறும். அதன்மேல் கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கத் தொடங்கினால், காலையில் விட்ட தண்ணீர் மத்தியானத்தில் இல்லை.

இலை மஞ்சளானதும் விற்றவர் சொன்ன வைத்தியம் ‘யூரியா போடுங்கோ’. உவர்த் தண்ணீரால் ஏற்கெனவே வேரடியில் உப்புச் சேர்ந்திருக்கும்போது யூரியாவும் போட்டால், வேர் தண்ணீரை இழுக்க இன்னும் திணறும். புல் காய்வது வேகமானது அதற்குப் பிறகுதான். நன்றாக வேரூன்றிய புல்லுக்கே 1,000 சதுர அடிக்கு ஒரு தடவையில் ஒரு கிலோ யூரியாதான் மேல் எல்லை. மணலில் அதையும் அரை அரையாகப் பிரித்துப் போட்டு, உடனே தண்ணீர் விட வேண்டும்.

ஆகவே புல்லைத் தெரிவு செய்யுமுன் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதியுங்கள். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துதிறன் மீற்றர் 700 மைக்ரோசீமனுக்குக் கீழே காட்டினால் எந்தப் புல்லும் போடலாம். 3,000ஐத் தாண்டினால் கம்பளப் புல்லை மறந்துவிடுங்கள். முழு வெயிலுக்கு அறுகு, நாளுக்கு நாலைந்து மணி நேரம் மட்டும் வெயில் விழும் இடத்துக்குச் சோய்சியா. இரண்டும் உவரைத் தாங்கும். அடர்ந்த மாமர நிழலில் எந்தப் புல்லும் நிலைக்காது, அங்கே கல் பதிப்பதே நல்லது.

கோரை வந்த வழியும் கவனிக்க வேண்டியது. துண்டுகளை வயல் களிமண்ணோடு வெட்டியிருந்தார்கள். கிழங்கு அந்த மண்ணுக்குள் வந்தது. கோரையின் பூத்தண்டு முக்கோணமாக இருக்கும், விரலில் உருட்டினால் தெரியும். முற்றத்துப் புல்லை வெட்டி இரண்டு நாளில் அதற்கு மேலே தலை நீட்டும். இழுத்தால் இலை மட்டும் கையோடு வரும், கிழங்கு உள்ளேயே இருந்து திரும்ப முளைக்கும். சிறு மண்வெட்டியால் ஒரு முழங்கை ஆழம் வரை தோண்டிக் கிழங்குச் சரத்தையே எடுக்க வேண்டும். களிமண்ணால் இன்னொரு கேடும் உண்டு: மணலுக்கு மேல் களித் தட்டு இருந்தால் தண்ணீர் அந்தத் தட்டிலேயே தேங்கும், வேர் மணலுக்குள் இறங்காது. நாலு மாதத்துக்குப் பிறகும் துண்டுகள் பாய் போலக் கையோடு உரிந்து வந்தன.

லொறியிலிருந்து இறக்குமுன், கோரைக் கிழங்கு இருக்கிறதா என்று அடுக்குக்கு ஐந்து துண்டாவது உடைத்துப் பாருங்கள். அடுக்குக்குள் கையை விட்டால் சூடு தெரிந்தால், வெட்டி ஒரு நாளுக்கு மேலாகிவிட்டது, திருப்பி அனுப்புங்கள். பகல் வெளிச்சத்தில் மட்டும் இறக்கச் சொல்லுங்கள். பில்லில் புல்லின் தாவரப் பெயர், துண்டின் நீள அகலம், மண்ணின் கியூப் மூன்றும் எழுதப்பட வேண்டும். பணத்தில் மூன்றில் ஒரு பங்கை 21 நாள் கழித்து, துண்டை இழுத்துப் பார்த்து, வேர் பிடித்திருந்தால் மட்டும் கொடுங்கள்.

பதிக்கும் காலம் வைகாசி அல்ல. மாரி மழை ஓய்ந்து வரும் தை மாதம் நல்லது. மணல் கழுவப்பட்டு உப்பும் குறைந்திருக்கும், கச்சானுக்கு முன் வேர் இறங்க மூன்று நான்கு மாதம் கிடைக்கும். முதல் இரண்டு வாரம் காலையும் மாலையும் இலேசாகத் தண்ணீர். பிறகு வாரத்துக்கு ஓர் அங்குலம், மணல் என்பதால் இரண்டு தடவையாக. வெறும் மீன் டின்கள் நாலைந்தை முற்றத்தில் வைத்தால் எவ்வளவு விழுகிறது என்று தெரியும். 1,000 சதுர அடிக்கு ஓர் அங்குலம் என்பது ஏறக்குறைய 2,360 லீற்றர். அந்தத் தண்ணீர் கோடையில் உங்கள் கிணற்றில் இல்லையென்றால் பரப்பைக் குறையுங்கள். வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் மறுபடி முழுப் பரப்புக்கும் புல் வாங்க வேண்டாம். கோரையைத் தோண்டி, தண்ணீர் தெளித்து, மூன்று வாரம் முளைக்க விட்டு, மறுபடி தோண்டுங்கள். பிறகு உண்மையான சோய்சியா ஒரு சதுர அடியை வாங்கி, வேரிலுள்ள களிமண்ணைக் கழுவி, இரண்டு அங்குலச் சிறு துண்டுகளாக வெட்டினால் 36 வரும். ஆறு அங்குல இடைவெளியில் நட்டால் 9 சதுர அடிக்குப் போதும். சோய்சியா மெதுவாகப் பரவும், மூட ஏறத்தாழ ஒரு வருடம் எடுக்கும். அதுவரை இடையில் வரும் களையை வாரந்தோறும் கையால் எடுக்க வேண்டும்.