லெவல் 3, டிபிஎஸ்ஐ, எம்.ஏ.: பிள்ளைகளை வைத்துக்கொண்டு பிரிட்டனில் தமிழ் உரைபெயர்ப்பாளராக எதைப் படிப்பது?

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் மறுபடி படிக்கலாம் என்று யோசிக்கும் லண்டன் தமிழ்ப் பெற்றோருக்கு உரைபெயர்ப்பில், அதாவது ஒருவர் பேசுவதை இன்னொரு மொழியில் வாயால் சொல்லும் தொழிலில், மூன்று வழிகள் உண்டு. கல்லூரிகள் நடத்தும் லெவல் 3 (ஏ-லெவல் தரம்) சமூக உரைபெயர்ப்புப் படிப்பு, லெவல் 6 (பட்டப்படிப்பின் கடைசி வருடத் தரம்) டிபிஎஸ்ஐ என்ற பொதுச்சேவை உரைபெயர்ப்பு டிப்ளோமா, பல்கலைக்கழக எம்.ஏ.

எம்.ஏ.வை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். மாநாட்டு உரைபெயர்ப்பு எம்.ஏ. பெரும்பாலும் ஐ.நா., ஐரோப்பிய ஒன்றியம் போன்ற இடங்களுக்கு ஆள் தயாரிப்பது. ஐ.நா.வின் 6 ஆட்சிமொழிகளிலும் ஒன்றியத்தின் 24 மொழிகளிலும் தமிழ் இல்லை. செலவிலும் ஒரு சிக்கல் உண்டு. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ஏற்கெனவே முதுகலை முடித்தவருக்கு இங்கே அரசின் முதுகலைக் கடன் கிடைக்காது. பாரிஸிலிருந்து குடிபெயர்ந்து பிரெஞ்சும் சரளமாக வருகிறவர் என்றால் கதை வேறு. அவர் பிரெஞ்சை வைத்து எம்.ஏ. படிக்கலாம்.

மீதி இரண்டுக்கும்தான் உண்மையான போட்டி.

லெவல் 3 பெரும்பாலும் மாலையிலோ சனிக்கிழமையிலோ 10, 12 வாரம் நடக்கும். தன்மையில் பேசுவது (நோயாளி “எனக்கு வலிக்குது” என்றால் “அவருக்கு வலிக்கிறதாம்” என்று சொல்லாமல் “எனக்கு வலிக்கிறது” என்றே ஆங்கிலத்தில் சொல்வது), பக்கம் சாயாமை, இரகசியம் காத்தல், குறிப்பெடுத்தல் ஆகியவை பாடங்கள். இதை வைத்து முகவர் நிறுவனங்கள் மூலம் ஜிபி (குடும்ப மருத்துவர்), பள்ளிக்கூடம், கவுன்சில் வேலைகளுக்குப் போகலாம். ஜிபி சந்திப்பு சிறியது, பகலில் முடிவது. பிள்ளையை விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வந்து கூட்டிக்கொள்ள நேரம் இருக்கும். தொலைபேசி உரைபெயர்ப்பை வீட்டிலிருந்தே செய்யலாம் என்று பலர் இறங்குகிறார்கள். ஆனால் நோயாளியின் விவரம் வீட்டில் பிள்ளை காதில் விழுந்தாலும் அது இரகசிய மீறல்தான். கதவை மூடிக்கொள்ளத் தனி அறை இல்லாதவர் விடுமுறைக் காலத்தில் அந்த வேலையை ஏற்க வேண்டாம்.

லெவல் 3 ஒரு வாசல்படி. அதிலேயே பல வருடம் நின்றுவிடுவது வீண். பொதுச்சேவை உரைபெயர்ப்பாளர் தேசியப் பதிவேட்டில் முழுப் பதிவுக்கு டிபிஎஸ்ஐ போன்ற உயர்தரத் தகுதியும் 400 மணி நேர வேலை அனுபவமும் வேண்டும். ஆகவே லெவல் 3 வேலைகளையும் முதல் நாளிலிருந்தே தேதி, இடம், நேரம் போட்டுப் பதிந்து வையுங்கள். பின்னால் சான்றுக்கு உதவும்.

டிபிஎஸ்ஐ என்பது உண்மையில் ஒரு தேர்வு. கல்லூரி வகுப்பு அதற்கான தயாரிப்பு மட்டுமே. ஆள் நடித்துக் காட்டும் உரையாடலைப் பெயர்ப்பது, எழுத்தைப் பார்த்து வாயால் பெயர்ப்பது, எழுத்தாலேயே பெயர்ப்பது என்ற மூன்றும் இரண்டு திசையிலும் இருக்கும். ஒரு பகுதியில் தவறினால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஒரு தவணை கெட்டாலும் எல்லாம் போய்விடாது என்பது பெற்றோருக்குப் பெரிய ஆறுதல்.

தமிழர் இதில் சறுக்குவது பெரும்பாலும் ஆங்கிலத்தில் அல்ல. முதல் சறுக்கல் காதோரம் தாழ்ந்த குரலில் உடனுக்குடன் பெயர்க்கும்போது வரும். தமிழில் வினையும் மறுப்பும் வாக்கியத்தின் கடைசியில் நிற்கும். “அண்டைக்கு நான் அந்த வீட்டுக்குப் போகேல்லை” (அன்றைக்குப் போகவில்லை) என்பதில் “இல்லை” வந்து சேரும் முன்பே ஆங்கிலத்தைத் தொடங்கினால் போனதாகச் சொல்லிவிடுவீர்கள். வினை வரும் வரை பொறுத்துப் பேசுவதைத் தினமும் பத்து நிமிடம் வானொலிச் செய்தியோடு பழக வேண்டும். எதிர்த்திசையில் நீண்ட ஆங்கில வாக்கியத்தை இரண்டு மூன்றாக உடைக்க வேண்டும்.

இரண்டாவது, எழுத்துத் தமிழ். பள்ளிக்கூடத்தோடு தமிழ் எழுதுவதை விட்டவர் சட்டப் பத்தி ஒன்றை நேரத்துக்குள் எழுதும்போது திணறுவார். பேச்சு நன்றாக வருகிறது என்பதால் இதைக் கடைசி மாதத்துக்குத் தள்ளுவதே பெரிய பிழை.

மூன்றாவது, ஊர்த்தமிழ். சென்னையிலிருந்து வந்தவருக்கு ஜாமீன், வக்கீல். யாழ்ப்பாணத்தவருக்குப் பிணை, சட்டத்தரணி. “நாரி நோகுது” என்பது கீழ்முதுகு வலி என்று தெரியாமல் டாக்டர் முன் விழிக்கக் கூடாது. தஞ்சம் கோருபவர் “இயக்கம்” என்றால் எதைச் சொல்கிறார் (பெரும்பாலும் விடுதலைப் புலிகளை), “விதானையார்” யார் (கிராம அலுவலர்) என்பது இந்தியத் தமிழர் தேடிக் கற்க வேண்டியவை. “அண்ணா” உடன்பிறந்தவரா, மரியாதைக்குச் சொன்னதா என்று ஊகிக்காமல் அனுமதி பெற்றுக் கேட்க வேண்டும்.

காசைப் பொறுத்தவரை, இங்கிலாந்தில் 19 வயது நிரம்பியவருக்கு லெவல் 3 முதல் 6 வரை அங்கீகரித்த படிப்புகளுக்கு உயர்கற்போர் கடன் (அட்வான்ஸ்ட் லேர்னர் லோன்) உண்டு. வருமானம் பார்க்க மாட்டார்கள். குறிப்பிட்ட வகுப்பு அதில் சேருமா என்று கல்லூரியில் கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள்.

டிபிஎஸ்ஐயை ஒரு துறையைத் தேர்ந்தே எழுத வேண்டும். சட்டமா, சுகாதாரமா? வேலைப் பரப்பைப் பார்த்தால் சட்டம்தான். ஆனால் பொலிஸ் நிலையத்திலிருந்து நடுச்சாமத்திலும் அழைப்பு வரும். நீதிமன்றம் காலை பத்துக்குத் தொடங்கி மாலை நான்கைத் தாண்டலாம், பாதியில் எழுந்து வர முடியாது. பிள்ளையைப் பள்ளி வாசலில் கூட்டிக்கொள்ள இன்னொரு ஆளை உறுதி செய்யாமல் அந்த வேலையை ஏற்காதீர்கள். அப்படி ஆள் இல்லாத வீட்டுக்குச் சுகாதாரமே சரி. சின்னவர் பெரிய வகுப்புக்குப் போன பிறகு சட்டத்தையும் எழுதலாம்.