போர்டு கேம் மாநாட்டுக்குப் போய்வருவது: சில வருட அனுபவம்

பெங்களூரில் நடக்கும் போர்டு கேம் மாநாட்டுக்குச் சில வருடங்களாகப் போய்வருகிறேன். பிழைப்புக்கு வேறு வேலை இருக்கிறது. ஆடிய ஆட்டங்களைப் பற்றித் தமிழில் எழுதுவது ஆசைக்காகச் செய்வது. பாலக்காடு, பொள்ளாச்சி, கோவைப் பக்கத்து ஆட்கள் ஒரு பெட்டி வாங்கும் முன் என்னிடம் கேட்பார்கள். அவர்களில் பலர் கேட்கும் இன்னொரு கேள்வி: "வீடியோவிலேயே எல்லாம் இருக்கே, அவ்வளவு தூரம் போகணுமா?"

போக வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் ஓர் ஆட்டம் நல்லதா இல்லையா என்று முடிவு செய்யப் போகாதீர்கள், அது அங்கே தெரியாது. ஓர் ஆட்டத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பது அங்கே தெரியும். என்னைப் பொறுத்தவரை டிக்கெட் காசு அதற்கே சரியாகப் போய்விடுகிறது.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு ஜங்ஷனில் ராத்திரி ஐலண்ட் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிந்ததும் பெங்களூரு. மாநாட்டுக் கூடத்தில் நடப்பது எளிது: பதிப்பாளர்கள் மேஜை போட்டு டெமோ காட்டுவார்கள், ஒரு பக்கம் இரவல் எடுத்து ஆட ஒரு நூலகம், இன்னொரு பக்கம் இன்னும் அச்சாகாத புரோட்டோடைப் ஆட்டங்கள். ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் 1983 முதல் நடக்கும் ஷ்பீல் கண்காட்சியும், அமெரிக்காவில் 1968-இல் தொடங்கிய ஜென் கானும் பெரிய திருவிழாக்கள். நம் ஊர்க் கூட்டம் அவற்றில் சிறு பங்குகூட இராது. அதனால் ஒரு வசதி உண்டு. எந்த மேஜையிலும் நின்று பேசலாம், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

டெமோவை ஏன் நம்ப முடியாது என்பதற்கு அசூல் என்ற ஆட்டத்தைப் பாருங்கள். மைக்கேல் கீஸ்லிங் 2017-இல் கொண்டுவந்தது, அடுத்த வருடமே ஆண்டின் சிறந்த ஆட்டத்துக்கு ஜெர்மனியில் தரும் ஷ்பீல் டெஸ் யாரஸ் விருது வாங்கியது. பளபளவென்று ஐந்து நிறத்தில் நூறு ஓடுகள். நடுவில் உள்ள வட்டங்களிலிருந்து ஒரே நிற ஓடுகளை எடுத்து நம் பலகையில் வரிசை நிரப்ப வேண்டும். டெமோ மேஜையில் இரண்டு சுற்று ஆடவிடுவார்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டே ஆடுவார்கள், அழகான, சாதுவான ஆட்டம் என்று எழுந்து போவார்கள். முழு ஆட்டம் குறைந்தது ஐந்து சுற்று போகும். கடைசிச் சுற்றுகளில்தான் அதன் பல் தெரியும். நடுவில் ஒரே நிறத்தில் ஆறு ஓடு குவிந்து கிடக்கும். அதை எடுத்தால் வைக்க இடமில்லை, எடுக்காமல் தப்பிக்கவும் வழியில்லை. இடம் போதாத ஓடெல்லாம் கீழ் வரிசைக்கு இறங்கும். முதல் இரண்டுக்கு ஒவ்வொரு புள்ளி கழியும், அடுத்த மூன்றுக்கு இரண்டிரண்டு, கடைசி இரண்டுக்கு மூன்று மூன்று. அடுத்தவர் தலையில் அதைக் கட்டுவதற்காகவே இரண்டு நகர்வு முன்னால் கணக்குப் போட்டு ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். இது பிடிக்குமா பிடிக்காதா என்பதைப் பொறுத்துத்தான் ஒரு குடும்பம் அசூலை வாங்க வேண்டும், வாங்காமல் விட வேண்டும். இரண்டு சுற்று டெமோவில் இந்தக் கேள்வியே எழாது.

அதனால் நான் டெமோவில் உட்காருவதைவிட, நூலகப் பக்கம் ஆட்டம் முடியப்போகிற மேஜைகளின் ஓரமாக நிற்பதையே விரும்புகிறேன். கடைசிப் பத்து நிமிடத்தில் ஆடுபவர்கள் முகம் எப்படி இருக்கிறது, முடிந்ததும் இன்னொரு ஆட்டம் போடலாமா என்கிறார்களா, பெட்டியை மூடிவிட்டு போனை எடுக்கிறார்களா. புதிதாக எழுத வருகிறவர்கள் இதை அவசியம் செய்துபாருங்கள்.

சரி, சொல்லிக்கொடுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். தி க்ரூ என்று ஒரு சீட்டாட்டம். தாமஸ் ஸிங் உருவாக்கியது, 2019-இல் வந்தது. நான்கு நிறம், ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் ஒன்பது வரை, அதோடு துருப்பாக நான்கு ராக்கெட் சீட்டு. எல்லோரும் ஒரே கட்சி. இன்ன சீட்டை இன்னார்தான் பிடிக்க வேண்டும் என்று பணி வரும். பேசக் கூடாது. ஒவ்வொரு பணிக்கும் ஒரே ஒரு தடவை, கையிலிருந்து ஒரு சீட்டைத் திறந்து வைத்து, அந்த நிறத்தில் என்னிடம் இதுதான் பெரியது, இதுதான் சிறியது, அல்லது இது ஒன்றுதான் இருக்கிறது என்று டோக்கன் மூலம் காட்டலாம். அவ்வளவுதான்.

மாநாட்டில் இதை இரண்டு மேஜைகளில் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு மேஜையில் தன்னார்வலர் விண்வெளிப் பயணக் கதையில் தொடங்கினார். ஒன்பதாவது கோளைத் தேடிப் போகிறோம், ஐம்பது பணிகள் என்று விரித்துக்கொண்டே போனார். கேட்பவர்கள் கை சும்மா இருந்தது, கண் பக்கத்து மேஜைக்குப் போனது. அடுத்த மேஜையில் ஒரு பெண் உட்கார்ந்ததும் சீட்டைக் கலைத்துப் போட்டுவிட்டார். பணி எதுவும் இல்லாமல் இரண்டு பிடி திறந்தே ஆடவைத்தார். எந்த நிறம் இறங்கியதோ அதையே போட வேண்டும், இல்லையென்றால் ராக்கெட்டால் வெட்டலாம் என்பது கையாலேயே புரிந்தது. அப்புறம்தான் முதல் பணியை எடுத்தார். டோக்கனைப் பற்றி வாயைத் திறக்கவே இல்லை. யாரோ ஒருவர், "என்கிட்ட இருக்கிறதை இவங்களுக்கு எப்படிச் சொல்றது?" என்று தவித்தபோது, டோக்கனை எடுத்து முன்னால் வைத்தார். தேவை வந்தபிறகு விதி வந்தது. அந்த மேஜையில் அதற்கப்புறம் யாரும் எதையும் திரும்பக் கேட்கவில்லை.

அந்த முறையை அப்படியே ஊருக்குக் கொண்டுவந்தேன். எங்கள் பக்கம் தமிழ் ஆட்களும் மலையாள ஆட்களும் ஒன்றாக உட்கார்ந்து இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆடுவார்கள். முப்பத்திரண்டு சீட்டு, ஜாக்கிக்கு மூன்று, ஒன்பதுக்கு இரண்டு, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று என்று மொத்தம் இருபத்தெட்டுப் புள்ளி. தென்னந்தோப்பில் கள் இறக்கும் பக்கத்து வீட்டு மாமா அதில் கெட்டிக்காரர். தி க்ரூ பெட்டியைத் திறந்ததுமே அவர் கேட்டது: "துருப்பு எதுன்னு சொல்லு கண்ணு, மத்ததெல்லாம் ஆடிட்டே பாத்துக்கலாம்." அந்தப் பெண் செய்ததையே இவர் ஒரு வாக்கியத்தில் கேட்டுவிட்டார். பேசக் கூடாது என்ற விதியையும் விளக்க வேண்டி வரவில்லை. இருபத்தெட்டில் கூட்டாளிக்குச் சாடை காட்டினால் என்ன நடக்கும் என்று அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் விமர்சனங்களில் இப்போது தனியாக ஒரு பத்தி இதற்கே: இந்த ஆட்டத்தை எந்த வரிசையில் சொல்லிக்கொடுக்கலாம், எதைப் பிறகு சொன்னால் போதும். படிப்பவர்கள் அதிகம் பயன்படுவதாகச் சொல்வதும் அந்தப் பத்தியைத்தான்.

புரோட்டோடைப் மேஜைகளை மட்டும் தவறவிடாதீர்கள். வீட்டு பிரிண்டரில் அடித்து வெட்டிய சீட்டு, கடையில் வாங்கிய பிளாஸ்டிக் காசு, பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு அதை உருவாக்கியவர். அவரிடம் நன்றாக இருக்கிறது என்று சொல்வதால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. எந்த இடத்தில் எனக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் போனது, எந்தச் சீட்டை இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது என்று சொன்னால் குறித்துக்கொள்வார். இப்படி உழைப்பவர்களின் பெயர் பெட்டியின் மேல் வருவதே ஒரு காலத்தில் உறுதியாக இல்லை. 1988-இல் நியூரம்பெர்க் பொம்மைக் கண்காட்சியின்போது, பெட்டியில் பெயர் போடாத பதிப்பாளருக்கு ஆட்டம் தருவதில்லை என்று ஜெர்மன் படைப்பாளர்கள் சிலர் ஒரு பீர் கோப்பை அட்டையில் கையெழுத்துப் போட்டார்கள். அதனால் நான் எழுதும்போது படைப்பாளர் பெயரை முதல் பத்தியிலேயே போடுகிறேன். நீங்களும் போடுங்கள்.

இனி கசப்பான ஒன்று. விமர்சகர் என்று தெரிந்தால் சிலர் இலவசப் பெட்டி தருவார்கள். தப்பில்லை. ஒரு பதிப்பாளர் மட்டும், வெளியிடும் முன் கட்டுரையைத் தனக்கு அனுப்பிக் காட்ட வேண்டும் என்றார். பெட்டியை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இலவசமாக வாங்கியதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021-லேயே நெறிமுறை வகுத்திருக்கிறது. அது இல்லாவிட்டாலும், காசு போட்டு வாங்கப்போகிறவருக்கு இது தெரிய வேண்டாமா?

ஊருக்கு வந்தபின் ஆட்டத்துக்கு எங்கள் திண்ணையில் ஒரு பரீட்சை உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்று சீட்டுக் கட்டை அப்படியே தூக்கும். அசூலின் கனமான ஓடுகள் அசையாது. நூற்றெழுபது பறவைச் சீட்டு உள்ள விங்ஸ்பானைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் ஆட முடியும். அதில் ஒவ்வொரு சீட்டிலும் ஆங்கிலம் வேறு, படித்துச் சொல்ல ஒருவர் கூடவே வேண்டும். கார்கசோனின் எழுபத்திரண்டு அட்டைகளில் ஓர் எழுத்துக்கூட இல்லை, பாட்டியும் பேத்தியும் சமமாக ஆடலாம். ஏசி ஓடும் மாநாட்டுக் கூடத்தில் இந்த வித்தியாசங்கள் கண்ணில் படாது. எனவே திண்ணையில் பலமுறை ஆடாமல் எதைப் பற்றியும் நான் எழுதுவதில்லை.

ஒரு நாள் டிக்கெட் போதுமா என்று கேட்பவர்களுக்கு: முடிந்தால் இரண்டு நாளும் போங்கள். ஒரு நாள்தான் என்றால் ஞாயிறு. சனிக்கிழமை டெமோ மேஜைகளில் கூட்டம் நெரியும், சொல்லிக்கொடுப்பவர்களும் வேகமாக முடிக்கப் பார்ப்பார்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் கூட்டம் குறையும், அதே ஆட்கள் உட்கார்ந்து முழு ஆட்டமும் ஆடுவார்கள். ராத்திரி ரயிலுக்கு டிக்கெட்டை முன்கூட்டியே போட்டுவிடுங்கள், வார இறுதியில் கடைசி நேரத்தில் கிடைக்காது.