பாங்காக்கில் நடக்க ஆசைப்படுகிறவர்களுக்கு: 16 பாட் ஆரஞ்சுக் கொடிப் படகு

வேலை மாற்றலில் பாங்காக் வந்து இறங்கும் நம் ஊர்க்காரர்கள் என்னிடம் முதலில் கேட்பது வாடகை பற்றி. அடுத்த கேள்வி, "எப்படி ஊரைச் சுற்றிப் பார்க்கிறது?" டாக்ஸியும் வேண்டாம், மால்களுக்கு நடுவே ஓடும் ரயிலும் வேண்டாம், முதல் மாதத்தில் சாவோ பிரயா ஆற்றுப் படகை மட்டும் பிடித்துக்கொண்டு நடங்கள் என்றுதான் சொல்லி வருகிறேன். அதிலும் ஆரஞ்சுக் கொடி கட்டிய படகு. நான் இதை எழுதும்போது எவ்வளவு தூரம் போனாலும் கட்டணம் 16 பாட்தான்.

இந்த ஊர் வெயிலில் ஒரு மணி நேரம் நடந்துவிடலாம். வந்த வழியே திரும்பி நடப்பதுதான் ஆளை அடித்துப் போடுகிறது. படகு இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. ஒரு துறையில் இறங்கி, தெருத்தெருவாக நடந்து, அடுத்த துறையிலோ அதற்கும் அடுத்த துறையிலோ ஏறி, காற்று வாங்கிக்கொண்டே வீடு திரும்பலாம். வழி தப்பினாலும் பயமில்லை. பழைய நகரம் ஆற்றை ஒட்டியே வளர்ந்திருக்கிறது. ஆறு எந்தப் பக்கம் என்று கேட்டு நடந்தால் ஏதாவது ஒரு துறை வந்துவிடும். மற்ற பகுதிகளில் அப்படி முடியாது. அங்கே பல சந்துகள் உள்ளே போய் முட்டிக்கொண்டு நிற்கும், வந்த வழியேதான் வெளியே வர வேண்டும்.

ஏறுவதற்கு எளிய இடம் சாத்தோன் துறை, சபான் தாக்சின் ரயில் நிலையத்துக்கு நேர் கீழே. அங்கே நீலக் கொடிச் சுற்றுலாப் படகுக்கும் சீட்டு கொடுப்பார்கள். அதன் விலை அதிகம். "தோங் சொம்" என்று கேளுங்கள், ஆரஞ்சுக் கொடிக்கான கவுன்ட்டரைக் காட்டுவார்கள். மற்ற துறைகளில் ஏறினால் உள்ளேயே காசு கொடுக்கலாம். நீளமான தகரக் குழாயைக் கையில் வைத்து 'டக் டக்' என்று தட்டிக்கொண்டே நடத்துநர் வருவார். பெரும்பாலும் பெண்கள். அந்த நெரிசலிலும் யார் புதிதாக ஏறியது என்பதை எப்படித்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்களோ, ஒருவரையும் விட மாட்டார்கள்.

படகு துறையில் நிற்பது சில நொடிகள்தான். பின்பக்கம் நிற்பவர் விசில் ஊதி ஓட்டுநருக்குக் குறிப்புக் கொடுப்பார், கயிறு சுற்றப்படும், உடனே கால் வைத்துவிட வேண்டும். என் அம்மா திருச்சியிலிருந்து வந்திருந்தபோது கயிற்றுக்காரரே கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். காவிரிக்கரையில் பிறந்து வளர்ந்தவர், ஆறு ஒரு ஊரையே ஏற்றி இறக்குவதைப் பார்த்து வாய் மூடவில்லை. படகின் பின்பகுதியில் புத்த பிக்குகளுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பெண்கள் அவர்கள்மேல் படாமல் தள்ளி நிற்பது இங்கே மரியாதை. காலையில் வடக்கே போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள். வெயில் முகத்தில் அடிக்காது, வாட் அருண் கோயில் கோபுரமும் அந்தப் பக்கம்தான்.

எனக்குப் பிடித்த நடை பூச்சந்தையில் தொடங்குகிறது. நினைவுப் பாலத் துறையில் இறங்கினால் பாக் க்ளோங் தலாட் கூப்பிடு தூரம். செவ்வந்தி மூட்டை மூட்டையாக, மல்லிகை ஐஸ் போட்ட பெட்டிகளில், இதழை உள்ளே மடித்து வைத்த தாமரை மொட்டுகள். மாலை கட்டுகிற பெண்களின் விரல் வேகத்தை நின்று பார்த்தால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், சிரிப்பார்கள். அங்கிருந்து வடக்கே திரும்பினால் பாஹுராட்: துணிக்கடைகள், பொன் குவிமாடம் வைத்த சீக்கியர் குருத்வாரா, பருப்பும் மசாலாவும் விற்கும் கடைகள். புதிதாகக் குடியேறியவர்கள் சமையலறைச் சாமானுக்கு முதலில் வர வேண்டிய இடம் இதுதான்.

இன்னும் ஒரு கிலோமீட்டர் போல நடந்தால் பெரிய ஊஞ்சல். 1784இல் நிறுவியது, சிவப்புத் தேக்குத் தூண்கள் நடுரோட்டில் நிற்கும். ஊஞ்சல் ஆடும் சடங்கை 1935இல் நிறுத்திவிட்டார்கள். பக்கத்திலேயே அரசவைப் பிராமணர்களின் கோயில், தேவஸ்தான். நம் மார்கழிப் பாடல்களான திருவெம்பாவையும் திருப்பாவையும் அந்தச் சடங்கின் பெயரிலேயே இருக்கின்றன: திரியம்பாவை, திரிபாவை. கடல் தாண்டி வந்து எத்தனையோ தலைமுறையாக இங்கே ஓதப்படுகிற மந்திரங்களில் தமிழ் கலந்திருக்கிறது என்பதை நினைத்தபடி அந்தச் சின்னக் கோயில் வாசலில் நின்றால் கண் கலங்கிவிடுகிறது. இந்த ஒன்றுக்காகவே நான் வருகிற விருந்தினர் எல்லாரையும் இந்த வழியில் கூட்டிப்போகிறேன். அப்புறம் மேற்கே நடந்து அரண்மனைச் சுவரை ஒட்டித் தா சாங் துறை, அங்கே படகு.

இன்னொன்று சாத்தோனிலிருந்து சரோன் க்ருங் சாலை வழியாகத் தலாட் நோய் என்ற பழைய பகுதிக்குப் போய் ராட்சவோங் துறையில் முடிக்கும் நடை. ஏறக்குறைய 3 கிலோமீட்டர். 1860களில் போட்ட சாலை அது. தலாட் நோயின் சந்துகளில் பழைய எஞ்சின் பாகங்கள் எண்ணெய்ப் பிசுக்கோடு மலையாகக் குவிந்திருக்கும், அதற்கு எதிரே காப்பிக் கடை.

குறைகளும் உண்டு. மாலையில் அலுவலகம் விடும் நேரத்தில் நிற்கத்தான் இடம் கிடைக்கும். பின்பக்கம் எஞ்சின் சத்தம் காதைப் பிளக்கும். மிதக்கும் துறைகள் ஆடும்; ஆற்றில் கடலின் ஏற்ற இறக்கம் இருப்பதால் சரிவுப் பாலம் சில நேரம் செங்குத்தாகிவிடும். தள்ளுவண்டியில் குழந்தை இருந்தாலோ, முழங்கால் வலி இருந்தாலோ இந்தப் படகு சரிப்படாது. சக்கர நாற்காலியோடு ஏறி இறங்குவது மிகவும் கடினம், இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். நடைபாதைகளும் அப்படித்தான்: மழைக்குப் பிறகு ஆடுகிற ஓட்டில் கால் வைத்தால் சேற்றுநீர் முழங்கால்வரை பீய்ச்சும், பைக்குகள் மேலே ஏறி வரும். சாலை கடக்கும் வரிக்கோட்டில் கார் நிற்கும் என்று நம்பி இறங்காதீர்கள், உள்ளூர்க்காரர் கடக்கும்போது கூடவே கடங்கள்.

மே முதல் அக்டோபர் வரை பிற்பகல் மழைக்குக் குடை போதாது, துறையின் கூரைக்கு அடியில் நின்றுவிடுவது நல்லது. சைவம் சாப்பிடுகிறவர்கள் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து போட்ட கடைகளைத் தேடுங்கள். இறைச்சி, மீன் மட்டுமல்ல, பூண்டு வெங்காயம்கூட அங்கே சேர்ப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நேரம் இருந்தால் கடைசித் துறையான நொந்தபுரி வரை போய்ப் பாருங்கள். இறங்கியதும் சந்தை, பழைய மரக் கட்டடம் ஒன்று, சுற்றுலாக் கூட்டம் குறைவு. ஆனால் சேவை இரவுவரை ஓடாது, வாரநாளுக்கும் விடுமுறைக்கும் நேரம் மாறும். அதனால் இறங்கியவுடனே பலகையில் கடைசிப் படகின் நேரத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு, அப்புறம் சந்தைக்குள் போங்கள்.