கல்லடியா, பாண்டிருப்பா, அம்பாறையா: மூணு இடத்திலயும் குடியிருந்து பாத்தவன்ட கணக்கு

எங்கட பக்கம், இலங்கைட கிழக்குக் கரைல, ஆம்பிளையப் பாத்து "எங்க குடியிருக்கப் போறாய்" எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. கலியாணம் முடிஞ்சா பொண்டாட்டிட ஊருதான், சீதன வீடு எங்க கிடக்கோ அங்க ஒரு சூட்கேசோட போய் இறங்குறதுதான், அதுக்கு மேல யோசிக்க ஒண்டுமில்ல. ஆனா இப்ப ரெண்டு மூணு வருசமா வட்ஸ்அப்ல இதே கேள்விதான், கட்டார்ல இருந்து காசு அனுப்புற மச்சான்மாரும் கேக்கிறாங்க, ட்ரான்ஸ்பர்ல வாற ஆக்களும் கேக்கிறாங்க, மட்டக்களப்பு டவுன் பக்கம் வளவு வாங்குறதா, கல்முனைப் பக்கமா, இல்லாட்டி பேசாம அம்பாறைக்கே போயிர்றதா எண்டு. நான் பிறந்து வளந்தது மட்டக்களப்பு டவுனுக்கு ஒட்டின கல்லடி, சீதன வீடு கல்முனைக்கு ஒட்டின பாண்டிருப்பு, வேலை அம்பாறை. மூணு இடத்திலயும் ஒரு மாரியாவது கழிச்சிருக்கன், அதால நான் எழுதுறன், கோவிக்காதீங்க.

முதல்ல ஒண்டு சொல்லணும். மட்டக்களப்பு வேற கல்முனை வேற எண்டு நினைக்கிறதெல்லாம் பழைய கதை. கல்லடிப் பாலத்தால இறங்கி ஏ4 றோட்டப் புடிச்சி தெக்க வாங்க, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி, குருக்கள்மடம், களுதாவளை, களுவாஞ்சிக்குடி, கல்லாறு, மறுகா பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை. கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர், ஒரு மதில் முடிய அடுத்த மதில், களுதாவளைப் பக்கம் வெத்திலைத் தோட்டம் கொஞ்சம் கண்ணுக்கு குளிர்ச்சியா வரும், திரும்பவும் மதில்தான். இடையில எங்கயோ மாவட்டம் மாறும், பஸ்ல தூங்கினா தெரியாது. கிழக்க கடல், மேற்க வாவி, வாவி ஒடுங்கின இடத்தில வயல். அதால இந்த ஊரெல்லாம் அகலத்துக்கு வளர ஏலாது, நீளத்துக்குத்தான் வளரும். 2012 கணக்கெடுப்பில மட்டக்களப்பு மாவட்டம் 5 இலட்சத்து 26 ஆயிரம் சனம், அம்பாறை மாவட்டம் 6 இலட்சத்து 49 ஆயிரம். அம்பாறை மாவட்டம் பெரிய காணிதான், ஆனா அதிலயும் பாதிக்கு மேல சனம் இந்த கடக்கரை ஓரத்திலதான் நெருக்கியடிச்சிகிட்டு இரிக்கு.

சரி கல்லடில இருந்து தொடங்குவம், அம்மா இன்னும் அங்கதான் இரிக்கிறா.

மட்டக்களப்புல பின்னேரம் எண்டு ஒண்டு இரிக்கு, அது வேற எங்கயும் இல்ல. அஞ்சு மணிக்கு மேல காந்தி பூங்காவில வாவிக் காத்து, இல்லாட்டி கல்லடி பீச், இல்லாட்டி சும்மா 1924ல கட்டின பழைய பாலத்தில ஏறி நிண்டு பக்கத்தில புதுப்பாலத்தில போற வாகனத்தப் பாத்துகிட்டு கடலை சாப்பிடலாம், காசு செலவில்ல. மீன் பாட்டுப் பாடும் எண்டு ஊரெல்லாம் பேர், நான் பிறந்ததில இருந்து ஒருக்காவும் கேக்கல்ல, பறுவத்துக்கு, அதான் பௌர்ணமிக்கு, தோணில போய் துடுப்ப தண்ணிக்குள்ள விட்டு காதுல வெச்சா கேக்குமாம், அப்பா கேட்டிருக்காராம், நம்புவம். பள்ளிக்கூடம் எண்டு பாத்தா 1814ல தொடங்கின மெதடிஸ்த மத்திய கல்லூரி, புனித மிக்கேல், வின்சன்ட், சிசிலியா, கல்லடில சிவானந்தா, எல்லாம் ஒரு சைக்கிள் ஓட்டத்துக்குள்ள. வந்தாறுமூலைல கிழக்குப் பல்கலைக்கழகம். புள்ளைக்கு படிப்பு, வயசான ஆக்களுக்கு ஆஸ்பத்திரி, ரெண்டையும் ஒண்டா வெச்சி பாத்தா மட்டக்களப்ப அடிக்க ஏலாது.

ஆனா வாடகைக்கு வீடு தேடிப் பாருங்க, அப்ப தெரியும். போன தடவை நான் கல்லடில ரெண்டு அறை வீடு ஒண்டுக்கு கேட்டுப் போனன், ஒரு வருசக் காச ஒண்டா வை எண்டான், கிணத்து தண்ணில வாய் கொப்பளிச்சா உப்பு, அறைக்கு ஜன்னல் ஒண்டு, அதுவும் பக்கத்து வீட்டு மதிலப் பாத்து. என்ஜிஓக்காரர் சுனாமிக்குப் பிறகு டவுனுக்குள்ள வந்து வீட்டு வாடகைய ஏத்தி விட்டுட்டு போயிட்டாங்க, அவங்க போனாங்க, வாடகை போகல்ல. டவுனுக்குள்ள, அதான் புளியந்தீவு, சுத்தி தண்ணி, உள்ள எல்லாம் ஒன்வே, புது ஆள் ஒருத்தன் மோட்டபைக்ல உள்ளுட்டா மூணு தரம் அதே கடைக்கு முன்னால வருவான். பெரிய குறை வேலைதான். கவர்மென்ட் வேலை இல்லாட்டி கடை, இல்லாட்டி வெளிநாடு. படிச்ச பொடியன் மட்டக்களப்புல இரிக்கான் எண்டா ஒண்டில் டீச்சர், ஒண்டில் கொழும்புக்கு போக கோச்சி (ரயில்) பாத்துகிட்டு இரிக்கான்.

கோச்சிதான் மட்டக்களப்புட மற்றப் பெரிய பலம். தண்டவாளம் இதோட முடியுது, கல்முனைக்கும் இல்ல, அம்பாறைக்கும் இல்ல. உதயதேவில ஏறினா எட்டு ஒம்பது மணித்தியாலம், மெதுவாத்தான், ஆனா கால நீட்டலாம், சின்னப் புள்ளையக் கூட்டிப் போனா பாத்ரூமுக்கு ட்ரைவர்ட கால்ல விழ வேண்டியதில்ல. ராத்திரில யானைப் பயம் இரிக்கு, 2025 பெப்ரவரில கல்லோயாச் சந்திப் பக்கம் மீனகயா கோச்சி யானைக் கூட்டத்தில மோதி தடம் புரண்டது ஞாபகம் இரிக்கும். கல்முனைக்காரனுக்கு இந்தக் கவலையே இல்ல, அவனுக்கு ராத்திரி ஏசி பஸ் வீட்டு வாசல்ல வந்து நிக்கும். பாண்டிருப்புல இருந்து கொழும்புக்கு நான் கோச்சிய நினைச்சே பாக்கிறதில்ல, எட்டரைக்கு சோத்த திண்டுட்டு ஏறினா விடிய புறக்கோட்டை. ஒருக்கா மட்டும் புக் பண்ணின சீட்ட வேற ஆளுக்கு வித்துட்டு என்ன இஞ்சின் பொட்டில இருத்தினாங்க, அந்த பஸ்ஸ அதோட விட்டுட்டன்.

இப்ப கல்முனை. கல்முனைய அழகெண்டு யாராவது சொன்னா சிரிப்பன், பஸார்ல நடக்க ஏலாது, றோட்டுக்கு ரெண்டு பக்கமும் பைக்க நிப்பாட்டி, நடுவில மாடு, மாட்டுக்குப் பின்னால ஓட்டோ. ஆனா சாமான் வாங்கிறதெண்டா கல்முனைதான். நகை, புடவை, ஹாட்வெயார், போன் கடை, எல்லாம் ஒரு கிலோமீட்டருக்குள்ள, ஒரு கடைக்காரன் சொன்ன விலைய அடுத்த கடைக்காரன் கேட்டுகிட்டு இரிப்பான், அதால விலை தானா இறங்கும். மருதமுனை நெசவு பக்கத்தில, சாரனும் கைத்தறிச் சாரியும் தறில இருந்து நேரா. மீன் விடிய கடக்கரைல, தயிர் முட்டில. மட்டக்களப்பில இருக்கிற என்ட அக்கா புள்ளைட சாமத்திய வீட்டுக்கு சாமான் வாங்க கல்முனைக்கு வேன் புடிச்சி வந்தவ, அதுக்கு மேல சாட்சி வேணுமா.

ஆஸ்பத்திரி கல்முனைல ரெண்டு, ஆதார வைத்தியசாலை வடக்கால, அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை தெக்கால. சாதாரண காய்ச்சல், பிரசவம், சின்ன ஒப்பரேசன் எல்லாம் இங்கயே முடியும், கிளினிக் நாளைக்கு மட்டக்களப்புல நிக்கிற வரிசை இங்க இல்ல. மோசமான வருத்தமெண்டா ராவோட ராவா மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குத்தான் அம்புலன்ஸ் போகும், அந்த 40 கிலோமீட்டர் அப்பதான் 400 மாதிரி தெரியும். மாமாவக் கொண்டு போன அண்டைக்கு காத்தான்குடிக்குள்ள ட்ரஃபிக்ல நிண்டு, நடுவில பேரீச்சை மரங்கள் வரிசையா நிக்கிறதப் பாத்துகிட்டு, நான் வேண்டாத சாமி இல்ல.

ரெண்டு ஆஸ்பத்திரி எண்டதும் விளங்கியிருக்கும், இங்க எல்லாம் ரெண்டு ரெண்டுதான், தமிழருக்கொண்டு, முஸ்லிம் ஆக்களுக்கொண்டு. ரெண்டு சனமும் பிட்டும் தேங்காய்ப்பூவும் மாதிரி எண்டு மேடைல பேசுவாங்க, பேசி இறங்கினவுடன பிரதேச செயலகம் யாருக்கு எண்டு தொடங்கிரும். கல்முனை வடக்கு செயலகத்த தரமுயர்த்தச் சொல்லி 2019ல உண்ணாவிரதம் இருந்தாங்க, இன்னும் இழுபடுது. கல்முனை மாநகரசபைக்குள்ள இருக்கிற சாய்ந்தமருதுக்காரருக்கு தனி நகரசபை 2020ல வர்த்தமானில வந்து கொஞ்ச நாளில நிறுத்திட்டாங்க. குடியிருக்க வாறவனுக்கு இதில என்ன எண்டு கேப்பீங்க. குப்பை எடுக்கிறது, வடிகான் வெட்டுறது, லைட் போடுறது எல்லாம் இதுக்குள்ளதான் மாட்டிகிட்டு கிடக்கு, அதுதான். மற்றபடி சனம் சனமாத்தான் இரிக்கு, எங்கட திரௌபதி அம்மன் தீமிதிப்புக்கு சர்பத் கடை போடுறது கல்முனைக்குடி நானாதான், கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேத்தத்துக்கு எங்கட புள்ளையள் பஞ்சுமிட்டாய் வாங்கப் போகும்.

கல்முனைல காணி விலைய கேட்டா தலை சுத்தும், அதுக்கு காரணம் சீதனம். ஒரு தாய்க்கு நாலு பொம்பிளப் புள்ள எண்டா நாலு வீடு கட்டணும். மாமிட வளவு அந்தக் காலத்தில 40 பேர்ச், நடுவில கிணறு, ரெண்டு மா, தென்னை பத்துப் பன்னிரண்டு. இப்ப பெரியக்காக்கு 10, சின்னக்காக்கு 10, எங்களுக்கு 10, கடைசித் தங்கச்சிக்கு மாமிட பழைய வீட்டோட 10. மா மரம் ரெண்டும் போயிட்டு, கிணறு என்ட குசினிக்கும் சகலன்ட கராஜுக்கும் நடுவில மாட்டிகிட்டு. என்ட மகளுக்கு நான் எங்க கட்டுறது? மேலதான். அதால சனம் மேற்க போய் வயல நிரப்பி வீடு கட்டுது. கல்லடிலயும் இதே கதைதான், ஆனா அங்க புள்ளையள் கனடா, லண்டன் எண்டு போய் வீடு பூட்டிக் கிடக்கு, கல்முனைல யாரும் பூட்டுறதில்ல, ஒரு அறை காலியா இருந்தா அதில ரியூசன் நடக்கும்.

அம்பாறையப் பத்தி சுருக்கமா முடிக்கலாம் எண்டு பாத்தன், ஆனா நியாயமா சொல்லணுமெண்டா மூணிலயும் ஒழுங்கா போட்ட டவுன் அதுதான். 1949ல கல்லோயா நீர்ப்பாசனத் திட்டம் தொடங்கினப்பிறகு காட்ட வெட்டி கட்டின ஊர், அதால றோட்டு அகலம், மரம் நிழல், குப்பை ஒழுங்கு, வாடகை கல்லடிட முக்கால்வாசி. ரெண்டு வருசம் அங்க அறை எடுத்து இருந்தன். வீட்டுக்கார அம்மா தங்கமான மனிசி, எனக்கு சிங்களம் அரைகுறை, அவவுக்கு தமிழ் "வாங்க, சாப்பாடு" ரெண்டு சொல், சித்திரை வருசத்துக்கு கிரிபத்தும் கொக்கிசும் தட்டு நிறைய வரும். ஞாயிற்றுக்கிழமை இங்கினியாகல போய் சேனநாயக்க சமுத்திரத்தப் பாத்தா மனம் ஆறும். குறை என்னெண்டா எட்டு மணிக்கு ஊர் அடங்கிரும், மீன் ஐஸ் மீன், புள்ளைக்கு தமிழ் மீடியம் எண்டா பெரும்பாலும் கரைக்குத்தான் வரணும். ஓரத்தில யானைத் தொல்லையும் இரிக்கு, பள்ளக்காட்டு குப்பை மேட்டில யானை பிளாஸ்டிக் தின்னுற படம் உலகமெல்லாம் போச்சே. 1961ல மட்டக்களப்புல இருந்து அம்பாறைய பிரிச்ச நாளில இருந்து கடக்கரைச் சனம் கச்சேரி (மாவட்டச் செயலகம்) அலுவலுக்கு பஸ்ஸேறி இங்க வருது, ஒரு கையெழுத்துக்கு ஒரு நாள் போகும். தனியாளா, சிங்களம் தெரிஞ்சவனா இருந்தா அம்பாறைய கண்ண மூடிகிட்டு சொல்லுவன். குடும்பத்தோட எண்டா இல்ல.

தண்ணிய விட்டுட்டன். பைப் தண்ணி இப்ப மூணு இடத்திலயும் இரிக்கு, மட்டக்களப்புக்கு உன்னிச்சைக் குளத்தில இருந்து, எங்களுக்கும் அம்பாறைக்கும் கொண்டவட்டுவான்ல இருந்து. கோடைல பகல்ல பிரஷர் இல்லாம போறது எல்லாருக்கும் பொது.

ஆக எனக்கு இப்ப பாண்டிருப்புதான், அது சீதன வீடு எண்டதால மட்டும் இல்ல. வேலைக்கு 25 கிலோமீட்டர், பஸாருக்கு நடை தூரம், மகளுக்கு பள்ளிக்கூடம் கார்மேல் பற்றிமா. கல்லடில இருந்தா தினம் 65 போய் 65 வரணும், பெற்றோல் அடிச்சே சம்பளம் முடியும். மகள் ஏ எல் படிக்கிற நேரம் மட்டக்களப்புக்கு போகலாம் எண்டு மனிசி சொல்றா, அம்மாவும் தனிய, பாப்பம். அம்மா இங்க வரமாட்டா, "மகள்ட வீட்டில இருக்கலாம் மனே, மருமகள்ட தாய்ட வளவில என்னெண்டு இருக்கிற" எண்டு ஒரே கதை, அதுக்கு என்னட்ட பதில் இல்ல.

கடைசியா, வீடோ வளவோ வாங்க வாறாக்கள் தயவு செய்து ஏப்ரல், ஆகஸ்ட்ல வந்து பாக்காதீங்க, தரகர் அப்பதான் கூட்டிட்டு போவான், காஞ்ச மணலும் தென்னங்காத்தும் பாத்து அட்வான்ஸ் குடுத்திருவீங்க. நவம்பர் கடைசிக் கிழமை வாங்க. கல்லடி, நாவற்குடா உள் ஒழுங்கையெல்லாம் முழங்கால் தண்ணில நிக்கும், வாவித் தண்ணி கடலுக்கு ஓட முகத்துவாரம் வெட்டினாங்களா இல்லையா எண்டு சனம் வானத்தையும் வாவியையும் மாறி மாறிப் பாக்கும். கல்முனைல வயல் நிரப்பின பக்கம் எது எண்டு தண்ணியே காட்டித் தரும், கிட்டங்கிப் பாலத்துக்கு மேலால ஆறு போகும். காரைதீவால அம்பாறை போற றோட்டில மாவடிப்பள்ளி இரிக்கு, 2024 நவம்பர் 26 உழவு மிசின்ல வந்த மத்ரசாப் புள்ளையள வெள்ளம் இழுத்துட்டுப் போன இடம், நான் தினம் போற றோட்டு, தண்ணி ஏறினா இப்ப ஒபிஸுக்கு லீவு போட்டுட்டு இருந்திர்றன். கடலுக்கு கிட்ட வாங்கிறதெண்டா 2004 சுனாமில தண்ணி எது வரைக்கும் வந்த எண்டு பக்கத்து வீட்டில கேளுங்க, தரகரிட்ட கேக்காதீங்க, அம்பாறைக் கரைலதான் நாட்டிலயே கூடச் சனம் போனது, 10,000க்கு மேல. ஒலுவில், நிந்தவூர் பக்கம் எண்டா கடலரிப்பையும் சேத்துப் பாருங்க. குடையோட ஒரு நாள் நடந்தா போதும், செருப்ப மட்டும் பழசா போட்டுகிட்டு வாங்க.