ஆடுகிற ஓவர்குளொக்: வோல்ட்டேஜை ஏத்துவதா, வேகத்தை இறக்குவதா?

கொழும்பு வெள்ளவத்தையில் ஏசி இல்லாத மூன்றாம் மாடி. சித்திரை மாதத்து மத்தியானம் அறைக்குள் 33 பாகை. தம்பியின் ரைசன் 5 5600எக்ஸ் ப்ரொசசரை ஓவர்குளொக் செய்து, அதாவது கம்பனி வைத்த வேகத்துக்கு மேலே ஓட்டி, எல்லாக் கோர்களிலும் (ப்ரொசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் அலகுகள்) 4.7 கிகாஹேர்ட்ஸ், 1.25 வோல்ட் என்று பூட்டி வைத்திருந்தோம். இரவில் எவ்வளவு நேரம் விளையாடினாலும் ஒன்றுமில்லை. பகலில் வீடியோ எக்ஸ்போர்ட் போட்டால் பாதி வழியில் நீலத்திரை காட்டிக் கணினி விழும்.

கேட்டவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "கொஞ்சம் வோல்ட்டேஜ் ஏத்திப் பார்." நான் அதை இரண்டாவதாகத்தான் வைப்பேன்.

அதற்கும் முதல், குற்றவாளி ப்ரொசசர்தானா என்று தெரியவேண்டும். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை நிறுத்திவிட்டு அதே வேலையைத் திரும்ப ஓட்டுங்கள். 3600 வேகத்தில் ஓடும் ரேம் தன் அடிப்படை வேகத்துக்கு இறங்கிவிடும். அப்போது பிரச்சினை போய்விட்டால் ப்ரொசசரைத் தொடவே தேவையில்லை. ரேம் பிரச்சினையா என்று உறுதிப்படுத்த, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ யூஎஸ்பியில் போட்டு ஓரிரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரேயொரு பிழை வந்தாலும் விடக்கூடாது. ப்ரொசசர் தடுமாறினால் பெரும்பாலும் கணினி விழுந்து காட்டிக்கொடுக்கும். ரேம் தடுமாறினால் சத்தமில்லாமல் ஃபைல்களைக் கெடுக்கும். அக்காவின் கல்யாணப் படங்கள் இருக்கிற டிஸ்க்கில் அந்த விளையாட்டு வேண்டாம்.

எங்களுடையதில் எக்ஸ்எம்பி இல்லாமலும் விழுந்தது. ஆகவே ப்ரொசசர்தான். இனி இரண்டு வழி.

வோல்ட்டேஜை 1.325க்கு ஏத்தினோம். 4.7இல் நின்றது, உண்மை. ஆனால் ப்ரொசசருக்கு முழுச் சுமை கொடுக்கும் பிரைம்95 நிரலின் ஸ்மோல் எஃப்எஃப்டி சோதனை ஓடும்போது வெப்பம் 92 பாகையைத் தொட்டது. இந்த ப்ரொசசரின் எல்லையே 95. காரணம் எளிது: சிப் தின்னும் சக்தி வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். 1.25இலிருந்து 1.325 என்பது பார்வைக்கு 6 வீதம். சக்தியில் ஏறக்குறைய 12 வீதம். அந்தச் சூடு முழுவதும் ஏற்கெனவே வெந்துகொண்டிருக்கும் அறைக்குள்தான் வரும். சிப் சூடாகச் சூடாக அதே வேகத்துக்கு இன்னும் வோல்ட்டேஜ் கேட்கும். இரவில் நின்றது பகலில் விழுந்ததற்கும் இதுதான் காரணம்.

மற்ற வழி: வோல்ட்டேஜ் 1.25இலேயே இருக்க, வேகத்தை 4.6க்கு இறக்கினோம். 81 பாகை. இழந்தது 100 மெகாஹேர்ட்ஸ், அதாவது 2 வீதத்துக்குச் சற்று மேல். 20 நிமிட எக்ஸ்போர்ட் அரை நிமிடம்கூட நீளவில்லை. ஃபேன் இரைச்சல் குறைந்ததை அம்மாதான் முதலில் கவனித்தார்.

ஏசி அறையும் நல்ல கூலரும் இருந்து, முழுச் சுமையில் வெப்பம் 75 பாகையைத் தாண்டாதவர்கள் வோல்ட்டேஜ் பக்கம் போகலாம். ஒரே பாய்ச்சலில் வேண்டாம், சின்னச் சின்னப் படியாக. கூடவே பயாஸில் லோட்லைன் கலிபிரேஷனையும் பாருங்கள். சுமை ஏறும்போது வோல்ட்டேஜ் இறங்குவது இயல்பு; அதை ஈடுசெய்யும் அமைப்பு இது. சிலவேளை அந்த இறக்கம்தான் விழுத்துகிறது. நடுத்தர நிலை போதும். உச்ச நிலையில் வைத்தால், சுமை விடுபடும் கணத்தில் வோல்ட்டேஜ் எகிறும்.

பயாஸில் உள்ள கர்வ் ஒப்டிமைசர் மூன்றாவது வழி. ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியாக வோல்ட்டேஜைக் குறைத்து, பூஸ்டை, அதாவது தேவைக்கேற்ப வேகத்தை ஏற்றுவதை, ப்ரொசசரிடமே விட்டுவிடுவது. சூடும் குறையும், வேகமும் கிடைக்கும். பொறுமை உள்ளவர்களுக்கு மூன்றிலும் இதுவே மேல் என்பேன். ஆனால் இதன் நோய் வேறு மாதிரி: முழுச் சுமையில் கல்லுப்போல நிற்கும், பிரவுசர் மட்டும் திறந்திருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகும். குறைந்த சுமையில்தான் ஒற்றைக் கோர் உச்ச வேகத்துக்குப் பாயும். அங்கேதான் வோல்ட்டேஜ் போதாமல் போகும். இதற்கு பிரைம்95ஐ எல்லாக் கோரிலும் ஓட்டிப் பயனில்லை. ஒவ்வொரு கோராகச் சோதிக்கும் கோர்சைக்ளர் வேண்டும். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் வியா லொகர் (WHEA-Logger, வன்பொருள் பிழைகளைப் பதிவது), இலக்கம் 18 என்று பதிவு இருந்தால், அதில் ப்ரொசசர் ஏபிஐசி ஐடி (APIC ID) என்ற எண்ணும் இருக்கும்; விழுந்த கோர் எது என்று அதிலிருந்து கண்டுபிடிக்கலாம். அந்தக் கோரின் கர்வ் ஒப்டிமைசர் எண்ணை மட்டும் மைனஸ் 30இலிருந்து மைனஸ் 20க்குக் கொண்டுவந்தால் பல இடங்களில் சரியாகிவிடும்.

எந்த வழியில் போனாலும் சோதனையை இரவில் செய்து ஏமாறாதீர்கள். 4.6இல் வைத்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை பகல் 12 மணிக்கு பிரைம்95ஐத் தொடங்கி, சீலிங் ஃபேனையும் நிறுத்திவிட்டு, மாலை ஐந்து வரை ஓடவிட்டோம். 84 பாகைக்கு மேலே போகவில்லை. நீலத்திரையும் வரவில்லை.