மேற்கு வெயிலுக்கு எது: ஷேட் நெட்டா, ஷீட்டா, ஆனிங்கா, மூங்கில் தட்டியா?

மேற்குப் பார்த்த வாசல் உள்ளவர்கள் கடைக்குப் போய் முதலில் சதுர அடி விலையைத்தான் கேட்கிறார்கள். அதற்கு முன், வெயில் எந்தச் சாய்வில் உள்ளே வருகிறது என்று ஒரு நாள் மாலை நின்று பாருங்கள். சென்னையில் மே மாத நடுவில் மாலை 4.30 மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 27 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். அந்த நேரத்தில், சுவரிலிருந்து 5 அடி நீட்டிய கூரை, சுவரில் ஏறத்தாழ இரண்டரை அடி ஆழத்துக்குத்தான் நிழல் தரும். 9 அடி உயரத்தில் போட்டிருந்தால் ஆறரை அடிக்குக் கீழே முழுக்க வெயில். நாற்காலியில் இருப்பவர் முகத்தில் நேராக அடிக்கும். கூரை ஷீட்டா, துணியா, கண்ணாடியா என்பதால் இது மாறாது.

ஆக, உச்சி வெயிலுக்கு மேலே போட வேண்டும். மேற்கு வெயிலுக்கு முன்னால் தொங்கவிட வேண்டும். இதைப் பிரித்துப் பார்க்காமல் மேலே மட்டும் செலவழித்துவிட்டு, "இவ்வளவு போட்டும் வெயில் வருதே" என்று வருந்துகிறவர்கள் நிறைய.

ஷேட் நெட்

மிகக் குறைந்த செலவு, மேற்குப் பக்கத்துக்கு மிகப் பொருத்தம். 50 சதவீத வலை, அதாவது பாதி வெயிலைத் தடுப்பது, செடிகளுக்கு. உட்காரும் இடத்துக்கு 75 போதும். 90 சதவீதம் வாங்கினால் வெயிலோடு காற்றையும் நிறுத்திவிடும். புற ஊதாக் கதிரைத் தாங்கும் மருந்து கலந்த வலைதானா என்று கட்டாயம் கேளுங்கள். கலக்காத வலை ஓரிரு கோடையிலேயே மொறமொறப்பாகி, விரலால் கசக்கினால் தூளாக உதிரும்.

வலை நடுவில் கிழிவது அபூர்வம். கட்டிய இடத்தில்தான் கிழியும். நாலு மூலையில் மட்டும் கட்டுகம்பியால் முறுக்கி விட்டால், காற்றில் படபடத்துக் கம்பியே இழைகளை அறுத்துவிடும். ஓரத்தை இரண்டு மடிப்பாக மடித்துத் தைத்து, அதற்குள் நைலான் கயிறு ஓட்டி, ஒன்றரை அடிக்கு ஒரு கட்டுப் போடுங்கள். கீழ் ஓரத்தில் ஒரு அங்குல ஜிஐ பைப்பைச் செருகினால் வலை தொய்யாமல் இழுத்து நிற்கும். சுவரை ஒட்டித் தொங்கவிடாதீர்கள். வலையும் சூடாகும், அந்தச் சூடு சுவரில் ஏறக்கூடாது. ஒரு அடியாவது தள்ளி இருக்கட்டும்.

மூங்கில் தட்டி

வேலை அதேதான், பார்க்க அழகு. மழைச்சாரல் பட்டால் பூஞ்சை பிடிக்கும், நூல் இற்றுப்போகும். சாரல் படாத தாழ்வாரத்துக்கு மட்டும் நல்லது. வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்தால் குளிர்ச்சி தருவது வறண்ட காற்றில்தான். வேலூர், திருச்சிக்குச் சரி. கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் பலன் குறைவு.

கலர் கோட்டிங் ஷீட்

நிறம் பூசிய இரும்புத் தகடு. மழைக்கு இதற்கு ஈடு இல்லை. வெயிலுக்கு என்றால் நிபந்தனை உண்டு. 7, 8 அடியில் தாழ்த்திப் போட்டால் மதியம் தலைக்கு மேல் அடுப்பு எரிவது போல இருக்கும். ஷீட் வாங்கிய சூட்டைக் கீழே இருப்பவர் மேல்தான் கொட்டும். 10 அடி உயரம், 10 அடிக்கு ஒரு அடி சாய்வு, வெள்ளை நிறம்: இந்த மூன்றையும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஏற்கெனவே தாழ்த்திப் போட்டாயிற்று என்றால், ஷீட்டுக்கு மேலே ஒரு அடி இடைவெளி விட்டு ஷேட் நெட் கட்டுங்கள். வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

ஒழுகுவதற்குப் பெரும்பாலும் காரணம் ஸ்க்ரூ. ஷீட்டின் மடிப்பு மேட்டில் அடிக்க வேண்டியதைப் பள்ளத்தில் அடித்தால், ஓடும் தண்ணீர் நேராக ஓட்டைக்கு வரும். இன்னொரு தவறு அளவுக்கு மீறி முடுக்குவது. ரப்பர் வாஷர் லேசாகப் பிதுங்கி நின்றால் போதும். தட்டையாக நசுங்கி வெளியே வழிந்திருந்தால், வெயிலில் வெடித்து அங்கேயே சொட்டும். டிரில் போட்ட இரும்புத் தூளை அன்றே கூட்டித் தள்ளச் சொல்லுங்கள். விட்டால் ஒவ்வொரு துகளும் ஒரு துருப்புள்ளி.

பாலிகார்பனேட்

ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஷீட். வெளிச்சம் குறையக் கூடாத இடத்துக்கு மட்டும். தெளிவான ஷீட் வெயிலை அப்படியே உள்ளே விடும். பால் வெள்ளை பரவாயில்லை. 3 மீட்டர் ஷீட், 40 டிகிரி சூடு ஏறி இறங்கும்போது 8 மில்லிமீட்டர் வரை நீளும். அதனால் ஸ்க்ரூ ஓட்டை ஸ்க்ரூவைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இறுக்கமாக அடித்தால் ஓட்டையைச் சுற்றி விரிசல் விடும். பாதுகாப்புப் பூச்சு உள்ள பக்கத்தை மேல் படலத்தில் அச்சிட்டிருப்பார்கள், அதுதான் வானம் பார்க்க வேண்டும். உள்ளே குழல் குழலாக இருக்கும் ஷீட்டில், குழல் முனைகளை டேப்பால் மூடாவிட்டால் உள்ளே பாசியும் எறும்பும் குடியேறும், பிறகு கழுவ வழியில்லை.

மடக்கு ஆனிங்

சுவரில் மாட்டிய மடக்குக் கைகளால் விரியும் துணிக் கூரை. விலை அதிகம், வேண்டாதபோது சுருட்டலாம் என்பதே இதன் பெருமை. கை 2 மீட்டர் நீளும்போது இழுப்பு முழுவதையும் மேல் போல்ட்தான் வாங்கும். செங்கல் சுவரில் பிளாஸ்டிக் கட்டை அடித்து மாட்டினால் பூச்சோடு பிடுங்கிக்கொண்டு வரும். கான்கிரீட் பீமில் ஆங்கர் போல்ட் போட இடமிருந்தால் மட்டும் யோசியுங்கள். சாய்வு குறைந்தால் மழைநீர் துணியில் தொட்டி கட்டும். ஈரத்தோடு சுருட்டினால் கரும்புள்ளி விழும். காற்று எழுந்ததும் மடக்க ஆள் வேண்டும். பகலில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு இது சரிவராது.

குளிர்ச்சியில் தென்னங்கீற்றை எதுவும் வெல்லாது. ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டும், தீப்பொறி ஒன்று போதும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக் கீற்றுக் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் போனதை மறந்து, சமையலறை ஒட்டிய இடத்தில் இதைப் போடச் சொல்ல மனம் வரவில்லை.

காற்றுக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். கட்டட வடிவமைப்புக்கு இந்தியத் தரக்குறியீடு எடுத்துக்கொள்ளும் அடிப்படைக் காற்று வேகம் சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர், மதுரைக்கு 39. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், அதே ஷீட்டைச் சென்னையில் ஒன்றரை மடங்குக்கும் மேலான பலத்தோடு காற்று தூக்கும். மதுரையில் நின்ற பைப் அளவைச் சென்னையில் அப்படியே போடாதீர்கள்.

10க்கு 12 அடி வாசலுக்கு எங்கள் தேர்வு: கதவுக்கு மேல் மழைக்காக 5 அடி வெள்ளை ஷீட், அதன் வெளி விளிம்பில் மேற்குப் பக்கம் 75 சதவீத வலை. மேல் பைப்பில் வளையம் கோத்துத் தொங்கவிட்டால், அக்டோபரில் மழைக்காலம் தொடங்கும் முன் பத்து நிமிடத்தில் கழற்றிச் சுருட்டி வைக்கலாம். புயல் எச்சரிக்கை வரும்வரை காத்திருந்தால், ஏணி போட்டு ஏற முடியாத காற்று முதலிலேயே வந்திருக்கும்.